பல் தடமும் நம் சம்மதமும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



சேமிப்பு, உள்கடன், வங்கித் தவணை எல்லாம் பேசி முடித்தாயிற்று. தீர்மான நோட்டில் கையெழுத்தும் ஆகிவிட்டது. இனிமேல் பேசப்போவதை நோட்டில் எழுத வேண்டியதில்லை. ஆம்பளைங்க யாரும் இல்லை, பிள்ளைகளும் வெளியே விளையாடுது. அந்தக் கதவை மட்டும் சாத்திட்டு வந்து உட்காருங்க.

புருஷன் பொண்டாட்டி சேர்ந்து இருக்கும்போது பல் படுகிறது, அல்லது அழுத்தி முத்தம் கொடுத்து உறிஞ்சியதில் தோல் கன்றிப்போகிறது. மறுநாள் கழுத்திலோ தோளிலோ தடம் தெரிகிறது. அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு. சிரிங்க, நல்லா சிரிங்க. சிரிச்சு முடிச்சாத்தான் பேச முடியும்.

இதை ஏன் கூட்டத்தில் எடுத்தோம் என்றால், குழுக்களுக்குப் போகும்போது எங்களிடம் இதைத் தனியாகக் கேட்டவர்கள் பலர். கூட்டத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. கூட்டம் முடிந்து நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கும்போது, கூடவே நடந்து வந்து, ஆட்டுக் கடனைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசி, பஸ் வரும் நேரத்தில் கேட்பார்கள். "அக்கா, இந்த மாதிரி ஆயிடுச்சு, இதுக்கு என்ன போடலாம்?" பஸ் நிற்கிற அரை நிமிடத்தில் எதைச் சொல்வது? அதனால்தான் இப்போது உட்கார்ந்து பேசுகிறோம்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறோம். இது சினிமாவில் இருந்தும் செல்போனில் இருந்தும் வந்த கெட்ட பழக்கம் என்று சில பெரியவர்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சங்கப் பாடல்களில் மருதத் திணையில் நகக்குறியும் பற்குறியும் வருகின்றன. வாத்ஸ்யாயனர் எழுதிய காமசூத்திரத்தில் நகக்குறிக்கு ஒரு அத்தியாயம், பற்குறிக்கு ஒரு அத்தியாயம் என்று தனித்தனியாகவே இருக்கிறது. மேல் உதடு, வாயின் உட்புறம், கண் ஆகிய இடங்களில் பல் படக்கூடாது என்று அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். ஆகவே இது அசிங்கமும் இல்லை, புதுசும் இல்லை. இரண்டு பேருக்கும் பிடித்திருந்தால் அது அவர்கள் வீட்டு விஷயம். நாம் கேட்க வேண்டிய கேள்வி அந்த 'இரண்டு பேருக்கும்' என்பதைப் பற்றித்தான்.

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்கிறோம். ஊர், பேர் வேண்டாம். கல்யாணம் ஆகி நாலைந்து மாதம் ஆன பெண். சித்திரை மாத வெயிலில் கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டுக்கொண்டு சேமிப்புக் கூட்டத்துக்கு வந்திருந்தது. பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? "என்னடி, வெயிலு சுடுதா, குளிரு அடிக்குதா?" என்று ஒரே கேலி. அந்தப் பெண்ணும் சிரித்தது. கூட்டம் கலைந்த பிறகு ஊக்குநர் மட்டும் அதைத் தனியாகக் கூப்பிட்டு, "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான், அழ ஆரம்பித்துவிட்டது. துண்டுக்குக் கீழே தோளில் தோல் கிழிந்து சீழ் வைத்திருந்தது. அதன்மேல் காப்பித்தூள் அப்பியிருந்தது. "வேணாங்கன்னு சொன்னேன்க்கா. சொன்னா, என்னைப் பிடிக்கலையான்னு கோவிச்சுக்கிறாரு."

நாம் குழாயடியில் சிரித்து விடுகிற தடத்துக்குப் பின்னால் இப்படியும் ஒன்று இருக்கலாம். எல்லாத் தடமும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. ஆனால் வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே நிறம். அந்தப் பெண்ணிடம் கேட்டால்தான் தெரியும். அதுவும் நாலு பேர் நடுவில் கேட்டால் தெரியாது.

சம்மதம் என்றால் என்ன? தாலி கட்டியதே சம்மதம்தானே என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படிச் சொல்லித்தான் நம்மை வளர்த்திருக்கிறார்கள். கல்யாணம் சேர்ந்து வாழச் சம்மதம். உடம்பில் எங்கே, எவ்வளவு, என்றைக்கு என்பது அன்றன்றைக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. நேற்றுப் பிடித்தது இன்றைக்குப் பிடிக்காமல் போகலாம். வயிற்றுவலி நாள், நாள் பூராவும் நாற்று நட்டு இடுப்பு ஒடிந்த நாள், நாளைக்குத் தாய்வீட்டு விசேஷத்துக்குப் போக வேண்டிய நாள் எல்லாம் இருக்கிறது. பேசாமல் படுத்திருப்பது சம்மதம் ஆகாது. பயந்துகொண்டு 'சரி' என்பதும் ஆகாது.

இதை எப்படிச் சொல்வது என்றுதான் எல்லோரும் கேட்கிறீர்கள். அந்த நேரத்தில் சொன்னால் கோபம் வருகிறது என்றால், பகலில் சொல்லுங்கள். சாப்பாடு போட்ட பிறகு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, மனசு நல்லா இருக்கிற நேரமாகப் பார்த்து, "எனக்கு நீங்க கிட்ட வர்றது பிடிக்குதுங்க, பல்லு படுறதுதான் வலிக்குது" என்று பிடித்ததையும் பிடிக்காததையும் சேர்த்தே சொல்லுங்கள். 'பிடிக்காது' என்று மட்டும் கேட்டால் தன்னையே வேண்டாம் என்று சொல்வதாக ஆண்கள் எடுத்துக்கொள்கிறார்கள். சில தம்பதிகள் ஒரு சைகை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதுகில் இரண்டு தடவை தட்டினால் உடனே நிறுத்திவிட வேண்டும், ஏன் என்று கேட்கக்கூடாது. இது நல்ல யோசனையாக எங்களுக்குப் படுகிறது, வாய் திறந்து சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கு ரொம்ப உதவும்.

நாமும் கேட்க வேண்டும், அதையும் சொல்லியாக வேண்டும். மேல்சட்டை போடாமல் வயலில் நிற்கிற மனுஷன், முடிவெட்டக் கடையில் போய் உட்காருகிற மனுஷன், அவருக்கும் மானம் உண்டு. "இங்க வேணாம்"னு அவர் சொன்னால் நாமும் விட்டுவிட வேண்டும்.

குடித்துவிட்டு வரும்போது இது எதுவுமே நடக்காது. போதையில் இருப்பவருக்குத் தன் பல் எவ்வளவு அழுந்துகிறது என்று தெரியாது, நாம் தட்டினாலும் தெரியாது. அன்றைக்கு இந்தப் பேச்சே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து.

இப்போது உடம்பைப் பற்றி. தடம் எப்படி வருகிறது? தோலுக்கு அடியில் மயிரிழை மாதிரி ரத்தக்குழாய்கள் இருக்கின்றன. உறிஞ்சும்போதும் அழுத்தும்போதும் அவை உடைந்து, ரத்தம் தோலுக்குள்ளேயே கசிந்து கட்டிக்கொள்கிறது. முதலில் சிவப்பு, பிறகு கருநீலம், பிறகு பச்சை, மஞ்சள் என்று மாறி ஒன்று இரண்டு வாரத்தில் தானாக மறையும்.

கழுத்தில் மட்டும் கவனம் தேவை. தொண்டைக்கு இரண்டு பக்கமும் விரல் வைத்தால் துடிப்பு தெரிகிறதல்லவா, அது மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய். அங்கே பலமாக அழுத்தவோ உறிஞ்சவோ கூடாது. நியூசிலாந்தில் 44 வயதுப் பெண் ஒருவருக்குக் கழுத்தில் இப்படி ஏற்பட்ட தடத்துக்கு அடியில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நகர்ந்து போய் ஒரு கை செயல் இழந்தது. 2010-ல் அந்த நாட்டு மருத்துவ இதழில் இதை எழுதியிருந்தார்கள். மருந்து கொடுத்துச் சரியாகிவிட்டது. இது மிக மிக அபூர்வம், பயப்பட வேண்டாம். ஆனால் கழுத்தை விட்டுவிட்டுத் தோள், மேல்கை என்று சதைப்பிடிப்பான இடம் இருக்கும்போது கழுத்து எதற்கு? ரவிக்கைக்குள் மறையவும் செய்யும்.

பால் கொடுக்கும் தாய்மார்கள் மார்பில் பல் படவே விடாதீர்கள். காம்பில் சிறு வெடிப்பு இருந்தாலும் கிருமி உள்ளே போய், மார்பு கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் புண் ஆற நாளாகும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு லேசாக அழுத்தினாலே பெரிதாகக் கன்றிவிடும். இவர்கள் எல்லாம் வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தடம் மட்டும் இருந்து தோல் கிழியவில்லை என்றால் வீட்டு வைத்தியமே போதும். முதல் இரண்டு நாள் குளிர்ச்சி கொடுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நாலு தடவை. ஐஸ் இல்லையா, பானைத் தண்ணீரில் துணியை நனைத்து வையுங்கள். மூன்றாம் நாளில் இருந்து வெதுவெதுப்பான துணி ஒத்தடம். காசை வைத்துத் தேய்ப்பது, சீப்பை வைத்து இழுப்பது, பற்பசை, சுண்ணாம்பு தடவுவது எல்லாம் வேண்டாம். தேய்த்தால் உள்ளே இன்னும் ரத்தம் கசியும், சுண்ணாம்பு தோலைப் பொத்துவிடும்.

தோல் கிழிந்தால் கதை வேறு. மனுஷ வாயில் கிருமி நிறைய. உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு ஐந்து நிமிடமாவது கழுவுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், சாம்பல் எதுவும் அப்பாமல் சுத்தமான துணியால் மூடி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கே போய் "முள்ளு குத்திடுச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள். மனுஷப் பல் பட்டது என்று தெரிந்தால்தான் அதற்குரிய மாத்திரை கொடுப்பார்கள், தடுப்பூசி வேண்டுமா என்று பார்ப்பார்கள். யார் பல், எப்போது என்று நீங்கள் கதை சொல்ல வேண்டியதில்லை. கிழிந்த இடத்தில் கிருமி போவதோடு, பி வகை மஞ்சள் காமாலையும் இப்படித் தொற்றக்கூடும். சிவப்பு பரவினாலும், சூடாக வீங்கினாலும், சீழ் வைத்தாலும், காய்ச்சல் வந்தாலும் மறுநாளுக்குத் தள்ளிப் போடாதீர்கள்.

மருந்து ஒரு பக்கம். முடிந்த பிறகு திரும்பிப் படுத்துத் தூங்கிவிடாமல், "வலிக்குதா?" என்று ஒரு வார்த்தை கேட்பது இருக்கிறதே, அதுவும் மருந்துதான். நாமும் கேட்கலாம், அவரும் கேட்கலாம். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லலாம்.

அப்படிச் சொல்லியும் கேட்காமல், வேண்டாம் என்றால் கோபப்பட்டு இன்னும் பலமாகக் கடிப்பது, தடம் போட்டு ஊருக்குக் காட்டுவது, சந்தேகப்பட்டுக் கடிப்பது, இதெல்லாம் அன்பு இல்லை, வன்முறை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் வந்தது, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. உடம்பைக் காயப்படுத்துவதும், பாலியல் ரீதியாகத் துன்புறுத்துவதும் அதில் வருகிறது. வீட்டை விட்டு வெளியேறாமலே பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். 181 என்ற எண்ணுக்குப் பகலோ இரவோ கூப்பிடலாம். கணவன் கட்டாயப்படுத்துவதை, மனைவிக்கு 18 வயது நிறைந்திருந்தால், நம் குற்றச் சட்டம் இன்னும் வல்லுறவாக எடுத்துக்கொள்வதில்லை. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் அது மாறவில்லை. எங்களுக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் அதைக் கேள்விப்பட்டு 'சட்டமே இல்லை' என்று யாரும் வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டாம், 2005 சட்டம் இருக்கிறது.

அந்தப் பெண் என்ன ஆனாள் என்று பின்வரிசையில் கேட்கிறீர்கள். ஊக்குநர் கூடவே போய்ப் புண்ணைக் காட்டி, ஊசி, மாத்திரை வாங்கி ஆறிவிட்டது. புருஷனிடம் நேராகப் பேச யாருக்கும் தைரியம் இல்லை, கடைசியில் நாத்தனார்தான் பேசினார். தம்பியை உட்கார வைத்து, "அவ துண்டு போட்டுக்கிட்டுத் திரியிறது உனக்குப் பெருமையாடா?" என்று கேட்டாராம். அவருக்கு அது வலிக்கும் என்றே தெரியாதாம், வெட்கத்தில் வேண்டாம் என்கிறாள் என்று நினைத்தாராம். உண்மையோ சமாளிப்போ, அதற்குப் பிறகு அவர் கேட்கிறாராம். அந்தப் பெண் இப்போது கூட்டத்துக்குத் துண்டு இல்லாமல் வருகிறது.

அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கிராம சுகாதார செவிலியர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கேட்க நினைப்பதைச் சீட்டில் எழுதி, பேர் போடாமல், நோட்டுகள் வைக்கிற பெட்டியில் போட்டுவிடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் ஊக்குநரிடம் சொன்னால் அவர் எழுதித் தருவார். பெட்டியை நாங்களும் செவிலியரும் மட்டும்தான் திறப்போம்.