சுவரைப் பங்கு போடாதீர்கள்

அண்மையில் ஓர் ஓவியப் பட்டறைக்கு என்னை அழைத்திருந்தார்கள். இருபது மாணவர்கள் சேர்ந்து ஒரே ஓவியம் வரைகிறார்கள், வந்து பாருங்கள் என்றார்கள். போனேன். நீளமான கித்தானைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் ஆளை உட்கார்த்தியிருந்தார்கள். புரொஜெக்டரில் படத்தைப் போட்டுக் கோடு எடுத்தாகிவிட்டது. அவரவர் அக்ரிலிக் டப்பாவோடு அவரவர் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பாகப்பிரிவினைப் பத்திரம்தான் நினைவுக்கு வந்தது.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். சுவரைப் பங்கு போட்டால் அது கூட்டு ஓவியம் இல்லை. ஈரத்தைப் பங்கு போட வேண்டும். ஆமாம், ஈரத்தை.

பிரெஸ்கோ என்ற சொல் உங்களுக்குப் புதிதல்ல. ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல், தண்ணீரில் குழைத்த மண் நிறங்களால் வரைவது. பசையே கிடையாது. சுண்ணாம்பு காற்றை வாங்கி இறுகும்போது நிறத்தையும் தன்னோடு சேர்த்துக் கல்லாக்கிக்கொள்கிறது. அதற்குச் சில மணி நேரம்தான். காவி, மஞ்சள், கரி எதுவானாலும் அதற்குள் சுவரில் ஏறிவிட வேண்டும். அன்றைக்கு வரைய முடிகிற அளவுக்குத்தான் அன்றைக்குப் பூசுவார்கள். மாலையில் வரையாமல் மிஞ்சிய பூச்சைச் செதுக்கி எறிய வேண்டியதுதான். அக்ரிலிக் காத்திருக்கும், தவறினால் மேலே இன்னொரு பூச்சு. ஈரம் காத்திருக்காது.

இந்த வேலையில் நான் கும்பிடும் ஆள் பினோத் பிகாரி முகர்ஜி. சாந்திநிகேதனில் நந்தலால் போஸின் மாணவர். பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை; மறு கண்ணில் கடுமையான கிட்டப்பார்வை. இந்த மனிதர் 1946-47 இல் அங்கே இந்தி பவனத்தின் மூன்று சுவர்களின் மேற்பாதியில், ஏறத்தாழ 80 அடி நீளத்துக்கு பிரெஸ்கோ செய்தார். பொருள், நம் இடைக்கால பக்தர்களின் வாழ்க்கை. ராமானுஜர் உண்டு, கபீர், சூர்தாசர், துளசிதாசர், குரு கோபிந்த் சிங் உண்டு. அவர்களைச் சுற்றி நெசவாளிகளும் வழிப்போக்கர்களும் ஆறு போல நகர்ந்துகொண்டே இருப்பார்கள்.

சுவர் அளவுக்குத் தாளில் வரைந்து படியெடுக்கிற வழக்கத்தை அவர் கைக்கொள்ளவில்லை. சின்னச் சின்னக் குறிப்புப் படங்கள், அப்புறம் நேரே சுவரில் தூரிகை. நினைத்துப் பாருங்கள். சாரத்தின் மேல் நிற்கிறார். பின்வாங்கித் தள்ளி நின்று பார்க்க வழியில்லை. தள்ளி நின்றாலும் அந்தக் கண்ணுக்கு எவ்வளவு தெரிந்திருக்கும்? அவரோடு அந்தச் சுவரில் வேலை செய்தவர்கள் மாணவர்கள். நிரப்புவதற்கு முன்கூட்டியே போட்ட கோடு இல்லாத சுவர் அது. ஆசிரியரின் கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே தன் கையைக் கொண்டுபோக வேண்டும். புரொஜெக்டர் இதைக் கற்றுத் தருமா?

அந்த மாணவர்களில் ஒருவர் கே.ஜி. சுப்பிரமணியன். கேரளத்துக் கூத்துபறம்பில் 1924 இல் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறைக்குப் போய், 1944 இல் சாந்திநிகேதனுக்கு வந்து சேர்ந்தார். பிறகு தன் எண்பத்தைந்தாம் வயதில், 2009 இல், அதே வளாகத்துக் கட்டடம் ஒன்றின் வெளிச்சுவர்களைக் கறுப்பு வெள்ளையால் நிறைத்தார். சாரத்தின் மேல் பிடித்த பழக்கம் விடவில்லை என்றுதான் நான் சொல்வேன். பினோத் பிகாரி 1950களின் பிற்பகுதியில் அறுவை சிகிச்சைக்குப் பின் முழுப் பார்வையும் இழந்தார். அவரிடம் படித்த சத்யஜித் ரே 1972 இல் எடுத்த ‘தி இன்னர் ஐ’ ஆவணப்படத்தை முடிந்தால் பாருங்கள்.



என் கதைக்கு வருகிறேன். கல்லூரியில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து விடுதிச் சாப்பாட்டுக்கூடத்துச் சுவரில் உழவுக் காட்சி ஒன்று போட்டோம். முதல் நாளே சண்டை. எருமையின் முதுகு என்னுடையது, கால் உன்னுடையது என்று, நானும் அந்தப் பட்டறைக்காரர்களைப் போலத்தான் பேசினேன். பூச்சு போட்டுத் தந்த கொத்தனாருக்கு அறுபது வயதிருக்கும். விரலால் சுவரை அழுத்திப் பார்த்து, “தம்பி, இப்ப குடிக்குது, போடுங்க” என்பார். கொஞ்ச நேரத்தில், “இனிமே குடிக்காது, விட்ருங்க” என்பார். அவர் ‘போடுங்க’ என்றதும் யாருடைய கால், யாருடைய முதுகு என்று பார்க்க நேரமில்லை. பக்கத்தில் இருப்பவன் விட்ட இடத்தில் இவன் தொடர வேண்டும். மூன்றாம் நாள் சண்டை நின்றது. சமாதானம் ஆகவில்லை, சண்டை போட நேரமில்லை. ஈரம் காத்திருக்காது என்றேனே, அதுதான்.

நான்காம் நாள் சாயங்காலம் எல்லோரும் டீ குடிக்கப் போய்ப் பேச்சில் உட்கார்ந்துவிட்டோம். ஓடி வந்து பார்த்தால், மிச்சமிருந்த எருமைக் கொம்பு சுவரில் ஏறியிருந்தது. ஒரே இழுப்பு. அடியில் தடித்து, நுனியில் தேய்ந்து, அந்தச் சுவரிலேயே அதைப் போல இன்னொரு கோடு இல்லை. ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கொத்தனார் சட்டியைக் கழுவிக்கொண்டே, “காஞ்சுடுமேன்னு நானே இழுத்துட்டேன் தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க” என்றார்.

படம் முடிந்ததும் கீழே கையெழுத்துப் போட்டோம். ஆறு பெயர்.