எட்டு நிமிஷத்துல ரயில் மாறலாமா?

பாரிஸ்ல இருந்து வியன்னாவுக்கு ரயில்ல எப்படிப் போறதுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. நானும் இப்போ அதே ரூட்டைத்தான் பிளான் பண்ணிக்கிட்டு இருக்கேன், அதனால இன்னைக்கு இதையே பேசிடலாம்.

முதல்ல ஒரு கெட்ட செய்தி. பழைய ட்ராவல் வீடியோ எல்லாம் பாரிஸ்–வியன்னா நைட்ஜெட்டைப் புகழும். ராத்திரி ஏறிப் படுத்தா காலையில வியன்னா. 2021 டிசம்பர்ல தொடங்கின அந்த வண்டி, பிரெஞ்சு அரசு மானியத்தை நிறுத்தினதால 2025 டிசம்பரோட நின்னு போச்சு. இனிமே வழியில வண்டி மாறித்தான் போகணும்.

பிரச்சினை அந்த மாறுற இடத்துலதான். ஆப்ல தேடினா எட்டு நிமிஷம், பத்து நிமிஷத்துல எல்லாம் அடுத்த ரயிலைப் பிடிக்கச் சொல்லும். பேப்பர்ல அது சரிதான். ஆனா 2024-ல ஜெர்மனியோட தொலைதூர ரயில்கள்ல நேரத்துக்கு வந்தது 62.5% தான். அதுலயும் ஆறு நிமிஷத்துக்குள்ள வந்தா 'நேரத்துக்கு வந்தது'ன்னு கணக்கு! நாம ப்ரொடக்‌ஷன்ல இப்படி ஒரு சர்வீஸை நம்பி எட்டு நிமிஷ டைம்அவுட் வைப்போமா?

என் கூட வர்றது அம்மா. முட்டி வலி, படிக்கட்டுன்னா நின்னு நின்னுதான் ஏறுவாங்க. பெட்டியோட பிளாட்ஃபார்ம் மாறி ஓடுறதெல்லாம் நடக்காது. அதனால வேகமான ரூட்டைத் தேடாம, ஒரே ஒரு தடவை மாறுற ரூட்டைத் தேடினேன். பாரிஸ் காரே த லெஸ்த் ஸ்டேஷன்ல இருந்து மியூனிக் வரைக்கும் நேரடி டிஜிவி இருக்கு, ஆறு மணி நேரத்துக்குள்ள போயிடும். அங்கிருந்து ரெயில்ஜெட்ல வியன்னாவுக்குச் சுமார் நாலு மணி நேரம்.

ஜெர்மன் ரயில்வே தளத்துல ஒரு நல்ல வசதி உண்டு. மாறுறதுக்குக் குறைஞ்சது எவ்வளவு நேரம் வேணும்னு நாமளே குறிச்சுத் தேடலாம். முக்கால் மணி நேரம்னு போட்டுப் பாருங்க, பயமுறுத்துற ரூட் எல்லாம் காணாமப் போயிடும். அதுக்கப்புறம் நான் கேட்கிற கேள்வி ஒண்ணுதான்: இந்த வண்டியை விட்டுட்டா அடுத்தது எப்போ? மதியத்துக்குள்ள மியூனிக் சேர்ந்துட்டா அன்னைக்கே வியன்னா போக இன்னும் வண்டி இருக்கும். சாயங்காலம் சேர்ற மாதிரி போட்டா ராத்திரி கதி கலங்கும்.

ஒரே நாள்ல போறவங்க முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டா வாங்கப் பாருங்க. மலிவு டிக்கெட் பெரும்பாலும் அந்த ஒரு ரயிலுக்கு மட்டும்தான் செல்லும். தனித்தனியா வாங்கி, முதல் வண்டி லேட்டாகி ரெண்டாவதை விட்டுட்டா, அன்னைய விலையில புது டிக்கெட் நம்ம தலையிலதான். ஒரே டிக்கெட்னா அடுத்த வண்டியில அனுப்பி வைக்கிறது அவங்க பொறுப்பு. அது போக ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, போய்ச் சேர ஒரு மணி நேரம் தாமதமானா கட்டணத்துல 25%, ரெண்டு மணி நேரம்னா 50% திரும்பக் கேட்கலாம். கடும் புயல், வெள்ளம் மாதிரி விதிவிலக்கு உண்டு.

நான் என்ன பண்றேன்னா, மியூனிக்ல ஒரு ராத்திரி தங்கிடறேன். ரூம் வாடகை செலவுதான். ஆனா பத்து மணி நேரம் ஒரே மூச்சா உட்கார்ந்து வர அம்மாவால முடியாது. நடுவுல ஒரு ராத்திரி இருக்கிறதால தனித்தனி டிக்கெட்டும் பயமில்லாம வாங்கலாம்.

நம்ம ஊர்க்காரங்க அசந்து போற விஷயம் ஒண்ணு: டிஜிவில டிக்கெட்டோட ஸீட் வந்துடும், ரெயில்ஜெட்ல சாதாரண டிக்கெட்டுக்கு ஸீட் கிடையாது. வெயிட்டிங் லிஸ்ட் எல்லாம் இல்லை, டிக்கெட் கன்ஃபர்ம்தான், ஆனா இடம் காலியா இருந்தா உட்காரலாம், இல்லன்னா நிக்கணும். வயசானவங்களோட போறீங்கன்னா கூடக் கொஞ்சம் காசு கட்டி ஸீட்டை ரிசர்வ் பண்ணிடுங்க. மியூனிக் தாண்டினா ஆல்ப்ஸ் மலை வலப்பக்கம் தெரியும், முடிஞ்சா அந்தப் பக்க ஜன்னல்.

கடைசியா ஒண்ணு. ஐரோப்பா முழுக்க டிசம்பர் ரெண்டாவது வார இறுதியில ரயில் அட்டவணை மாறும். அதுக்கு அப்புறம் போறதா இருந்தா, இப்போ தெரியற ரயில் நேரத்தை வச்சு ஹோட்டல் போடாதீங்க. புது அட்டவணை தளத்துல ஏறினதும் திரும்பத் தேடுங்க.