தாமதத்துக்குத் தண்டனை: மதிப்பெண்ணில் கை வைக்கலாமா?

(டெல்லியில் நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பேரன் பேத்திகளின் படிப்பைப் பற்றிப் பேசும்படி செயலாளர் பணித்தார். ஹோம்வொர்க்கைத் தாமதமாகக் கொடுத்தாலோ, பள்ளிக்கு வராமல் இருந்தாலோ மதிப்பெண்ணைக் குறைக்கலாமா என்ற ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நான் பௌதிகம் படித்தவன். ஓர் அளவுகோல் ஒரு விஷயத்தைத்தான் அளக்க வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். நோயாளி கிளினிக்குக்கு லேட்டாக வந்தார் என்பதற்காக, உஷ்ணமானி காட்டியதில் இரண்டு டிகிரியைக் குறைத்து எழுதும் டாக்டர் உண்டா? எழுதினால் ஜுரம் இருப்பதே தெரியாமல் போய்விடும். மதிப்பெண்ணும் அப்படித்தான். பத்துக்கு எட்டு வாங்க வேண்டிய கணக்குக்கு, இரண்டு நாள் தாமதம் என்று ஐந்து போட்டால், அந்தக் குழந்தைக்குக் கணக்கு வருகிறதா இல்லையா என்பது யாருக்கும் தெரியாது. சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்பில் பாடத்துக்கு 80 மதிப்பெண் ஆண்டுத் தேர்வுக்கு. மீதி 20 பள்ளியின் கையில். அந்த 20-இல்தான் இந்தக் கழித்தல் நடக்கிறது.

அப்படியானால் ஒழுங்கு வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். நேரத்தில் முடித்த குழந்தைக்கும் முடிக்காத குழந்தைக்கும் வித்தியாசம் இல்லை என்றால் அது அநியாயம். மத்திய சர்க்காரில் இருந்தவர்களுக்குத் தெரியும்: ஒரு மணி நேரம் வரையிலான தாமதத்தை, தக்க காரணம் இருந்தால், மாதத்தில் இரண்டு முறை வரை அதிகாரி மன்னிக்கலாம். அதற்கு மேல் போனால் அரை நாள் கேஷுவல் லீவ் கழியும். ஆனால் லேட்டாக வந்தவர் எழுதிய நோட்டு நன்றாக இருந்தால், அது நல்ல நோட்டுதான். லீவ் கணக்கு வேறு, வேலைக் கணக்கு வேறு. ஐம்பது வயது குமாஸ்தாவுக்குக் கொடுத்த இந்த நியாயத்தைப் பத்து வயதுக் குழந்தைக்கு ஏன் கொடுக்கக் கூடாது?

எங்கள் குடியிருப்பில் ஒரு சிறுமி. ஜனவரி மூடுபனியில் பஸ் பத்து நிமிடம் தாமதம். பள்ளியில் கேட்டைச் சாத்திவிட்டார்கள். முதல் பீரியட் முடியும்வரை குளிரில் வெளியே நின்றாள். பஸ்ஸை ஓட்டியது அவளா? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், உடலை வருத்தும் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. இதைப் பெற்றோர்கள் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வருகையைப் பற்றி ஒரு வார்த்தை. தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும் என்ற சி.பி.எஸ்.இ. விதியை நான் குறை சொல்ல மாட்டேன். 200 நாள் பள்ளி என்று வைத்துக்கொண்டால் 50 நாள் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நீடித்த நோய், பெற்றோர் மறைவு போன்றவற்றுக்கு விலக்கும் உண்டு. ஆனால் விதியை யார் ஏய்க்கிறார்கள் என்று பாருங்கள். பெயர் ஒரு பள்ளியில், படிப்பு கோச்சிங் சென்டரில். இதற்கு 'டம்மி ஸ்கூல்' என்று பெயர். 2024-இல் டெல்லியிலும் ராஜஸ்தானிலும் திடீர்ச் சோதனை நடத்தி, நவம்பரில் 21 பள்ளிகளின் அங்கீகாரத்தை வாரியம் திரும்பப் பெற்றது. ஐ.ஐ.டி. ஆசையில் பிள்ளைகளை அங்கே சேர்ப்பது பெற்றோர்கள்தானே?

நம்மவர்களையும் சொல்ல வேண்டும். கும்பகோணத்தில் பூணூல், மாம்பலத்தில் சஷ்டியப்தபூர்த்தி. குழந்தையை ஒரு வாரம் அழைத்துப் போகிறோம். போகட்டும், உறவும் வேண்டும். ஆனால் திரும்பி வந்ததும் லீவ் லெட்டரில் என்ன எழுதுகிறோம்? "ஜுரம்." குழந்தையின் கையாலேயே அதைக் கொடுத்து அனுப்புகிறோம். சந்தியாவந்தனம் சொல்லிக் கொடுத்த அதே வாரத்தில் பொய்யும் சொல்லிக் கொடுத்தாகிவிட்டது. காரணத்தைக் கேட்காமல் தண்டிக்கும் பள்ளியும் இந்தப் பொய்க்கு ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

என் யோசனைகள் மூன்று.

முதலாவது, விடைத்தாளுக்கு உள்ள மதிப்பெண்ணை முழுமையாகப் போடுங்கள். தாமதத்தை ரிப்போர்ட் கார்டில் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். வகுப்பில் விடையைச் சொல்லிவிட்ட பிறகு வரும் ஹோம்வொர்க்குக்கு மட்டும் வேறு கேள்வி கொடுத்து, பள்ளி முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து எழுதச் சொல்லுங்கள். விளையாட்டு நேரம் போவது குழந்தைக்கு நன்றாகவே உறைக்கும்.

இரண்டாவது, தகவல் இல்லாமல் மூன்று நாள் வராத குழந்தையின் வீட்டுக்கு வகுப்பாசிரியர் ஒரு போன் செய்யட்டும். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கலாம். வகுப்பில் யாராவது மிரட்டுவதால் குழந்தை வரப் பயப்படலாம். மதிப்பெண்ணைக் குறைப்பதால் இவை வெளியே வராது.

மூன்றாவது நமக்கு. லீவ் லெட்டரில் உண்மையை எழுதுவோம். "குடும்ப விசேஷம், ஐந்து நாள் விடுப்பு, விட்டுப்போன பாடத்தை முடிக்க நாங்கள் பொறுப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். அதற்கு ஏதாவது தண்டனை வந்தால், பெரியவர்கள் நாமே போய்ப் பதில் சொல்வோம்.

அடுத்த பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்துக்குத் தாத்தா பாட்டிகளும் போகலாம். போய், "இந்த மதிப்பெண்ணில் படிப்புக்கு எவ்வளவு, தாமதத்துக்கு எவ்வளவு?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.