மெயினை நிப்பாட்டினால் கரண்ட் போய்விடுமா?

(ஃப்ரீமான்டில் நடந்த எமது சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நல்ல நாளிலே நெருப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலர் யோசிக்கக்கூடும். "நீங்கள் வயறிங் வேலை செய்யிற ஆள், ஏதாவது பிரயோசனமாகச் சொல்லுங்கோ" என்று செயலாளர் கேட்டார். பிரயோசனமான விஷயம் ஒன்று எனக்குத் தெரியும். ஆனால் அது நான் பெருமைப்படக்கூடியது அல்ல.

2003ஆம் ஆண்டு மார்கழி. நாங்கள் இருந்தது ஓர் இரட்டை வீடு. ஒரு பக்கம் நாங்கள், மற்றப் பக்கம் மைத்துனர் குடும்பம். ஊரிலிருந்து வந்த தம்பியும் மனைவியும் எங்கள் கராஜுக்குள் இருந்தார்கள். குளிருக்கு ஹீற்றர் வேண்டும், சோறு காய்ச்ச குக்கர் வேண்டும். எங்கடை பிறேக்கர் பெட்டியில் இடமில்லை. ஆகவே மைத்துனரின் பெட்டியிலிருந்து கராஜ் சீலிங்குக்குள்ளால் ஒரு வயர் இழுத்துக் கொடுத்தேன். அனுமதி ஒன்றும் எடுக்கவில்லை. "இஞ்சை 120 வோல்ற்தானே, ஊரிலை 230" என்று பகிடியும் விட்டேன். 120 வோல்ற் ஆளைக் கொல்லும் என்பது தொழில்காரனான எனக்குத் தெரியாததல்ல.

ஒருநாள் இரவு ஹீற்றருக்குப் பக்கத்தில் கிடந்த போர்வையில் நெருப்புப் பிடித்துவிட்டது. எல்லோரும் வெளியே ஓடிவந்துவிட்டோம். தீயணைப்புப் படையினர் வந்ததும் ஒருவர் எங்கள் பெட்டியைத் தேடி மெயினை நிப்பாட்டினார். பிறகு என்னைக் கேட்டார், வேறு எங்கிருந்தாவது கரண்ட் வருகிறதா என்று.

"இல்லை" என்றேன்.

ஏன் சொன்னேன்? நகரசபை வரும், வீட்டுச் சொந்தக்காரர் எழும்பச் சொல்லுவார், தம்பியின் அகதி வழக்கு முடியவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சீருடையைக் கண்டால் வாயை மூடுகிற பழக்கம். அது எங்களுக்கு எங்கே வந்தது என்று இந்த மண்டபத்தில் விளக்கத் தேவையில்லை.

ஓர் இளம்பொடியன், என் மகனின் வயது இருக்கும், நீட்டுக் கொக்கித்தடியோடு உள்ளே போனான். சீலிங்கைப் பிய்த்து உள்ளுக்குள் நெருப்பு ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர்களின் வழக்கம். நிலமெல்லாம் தண்ணீர். என்னுடைய வயர் அந்தச் சீலிங்குக்குள். "சொல்லுங்கோவன், அந்தப் பிள்ளை செத்துப்போகும்" என்று மனைவி என் தோளில் அடித்தா. அப்போதுதான் கத்தினேன். அவன் தடியைக் கீழே விட்டுவிட்டு வெளியே வந்தான். மைத்துனரின் மெயினையும் நிப்பாட்டினார்கள். என்னை ஒருவரும் ஏசவில்லை. பிறகு, அந்த வயரைக் கழற்றி அனுமதியோடு செய்யும்படி சொன்னார்கள். தம்பியின் வழக்குக்கு ஒன்றும் வரவில்லை.

அவர்களின் பூட்சும் கையுறையும் சூட்டைத் தாங்கத்தான். கரண்டைத் தடுக்கும் என்று அவற்றை நம்பமுடியாது. மெயினை நிப்பாட்டினாலும் வெளியிலிருந்து மீற்றருக்கு வரும் வயரில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும்.

இப்போது இன்னும் சிக்கல். 2020 தொடக்கம் கலிபோர்னியாவில் கட்டும் புதுவீடுகளுக்குப் பெரும்பாலும் சோலார் கட்டாயம். சூரியனுக்குச் சுவிச் இல்லை. வெயில் பட்டால் தகடு கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். அவசரத்துக்கு நிப்பாட்டுகிற ஏற்பாடு அமெரிக்க மின்விதியில் வந்தது 2014ஆம் ஆண்டுப் பதிப்பில்தான். அதற்கு முந்திப் பூட்டிய பலதில் அது இல்லை; கூரையால் இறங்கும் வயரில் சில நூறு வோல்ற் நிற்கக்கூடும். கராஜ் சுவரில் பற்றரியும் இருந்தால் அது இரவிலும் உயிரோடு இருக்கும்.

எங்கள் ஊரிலே செய்கிற ரெஸ்லா காரையே எடுங்கோ. 2018 பங்குனி 23ஆம் திகதி மவுண்டன் வியூவில், 101ஆம் நெடுஞ்சாலையில், ஒரு ரெஸ்லா மோதி எரிந்தது. படையினர் அணைத்தார்கள். பற்றரியைப் பார்க்கக் கம்பனி எஞ்சினியர்மாரையே கூப்பிடவேண்டி வந்தது. அப்படியிருந்தும், இழுத்துக்கொண்டுபோய் விட்ட இடத்தில் சில நாட்களின்பின் அது திரும்பவும் பற்றியது. உடைந்த பற்றரிக்குள் மின்சாரம் அடைபட்டுக் கிடக்கும். அதை வெளியே எடுக்க இலேசான வழியில்லை. ஆகையால் கராஜில் கார் சார்ஜில் நிற்கிறது என்றால் 911க்கு எடுக்கும்போதே சொல்லிவிடுங்கோ.

ஜெனறேற்றர் விஷயத்தில் நாங்கள் எல்லோரும் எஞ்சினியர்மார்! 1990இல் யுத்தம் திரும்பத் தொடங்கி யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நின்றபிறகு, ஜாம்போத்தல் விளக்கிலே படித்த ஆட்கள். இரண்டு முனையிலும் பிளக் பூட்டிய வயரால் ஜெனறேற்றரைச் சுவரில் குத்தி வீடு முழுக்க வெளிச்சம் எடுத்தவர்களும் இங்கே இருக்கிறீர்கள். அங்கே லைன் செத்துக் கிடந்தது. இங்கே 2019 ஐப்பசியில் காட்டுத்தீப் பயத்தில் கரண்டை வெட்டினார்களே, அப்போதும் ஒரு வீட்டில் அதே வயரைக் கண்டேன். மெயினை நிப்பாட்டாமல் அப்படிக் குத்தினால் கரண்ட் றோட்டுக்குத் திரும்பிப்போய், ட்ரான்ஸ்போமரில் ஏறிப் பல ஆயிரம் வோல்ற் ஆகும். செத்த லைன் என்று நினைத்துக் கிட்டப் போகிறவன் கதி? மெயினை நிப்பாட்டிவிட்டுச் செய்யலாம் என்றும் நினைக்கவேண்டாம், ஒருநாள் மறப்பீர்கள். மாற்றுச்சுவிச் பூட்டிச் செய்யுங்கோ.

தேத்தண்ணி இடைவேளையில் நான் பின்மேசையில் இருப்பன். உங்கள் பிறேக்கர் பெட்டியின் படத்தைப் போனில் கொண்டுவாருங்கோ. எது எதற்கு என்று எழுதி ஒட்ட லேபலும் பேனையும் வைத்திருக்கிறன். என்னைப்போல் கள்ளவயர் இழுத்தவர்கள் தனியாக வந்து கதையுங்கோ. ஒருவருக்கும் சொல்லமாட்டன்.