எபிசோட் 38: தேவதைகளின் பங்கும் என் எக்செல் ஷீட்டும்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)

போன வாரம் டேட்டாபேஸ் பேக்கப் பற்றிப் பேசினோம். இந்த வாரம் கோடிங் கிடையாது. ரொம்ப நாளா ஒரே கேள்வி வந்துக்கிட்டே இருக்கு: "வீடியோ கால்ல உங்க பின்னாடி ஒரு அலமாரி தெரியுதே, அது என்ன ப்ரோ?"

அது விஸ்கி. இன்னைக்கு தேதிக்கு 9 பாட்டில். சேகரிப்புன்னு சொன்னா நிஜமாவே சேகரிக்கிறவங்க சிரிப்பாங்க. ஆனா ஆறேழு வருஷமா நான் நேரம் போட்டுக் கத்துக்கிட்ட ஒரே பொழுதுபோக்கு இதுதான். 21 வயசு ஆகாதவங்களும், குடியை விடணும்னு முயற்சி பண்றவங்களும் இந்த எபிசோடைத் தாண்டிடுங்க. இல்லைன்னா கடைசிப் பகுதியை மட்டும் கேளுங்க. அது உங்களுக்காகவும்தான்.

குவார்ட்டரிலிருந்து மோந்து பார்ப்பது வரை

எனக்கு விழுப்புரம் பக்கம் ஒரு சின்ன ஊர். எங்க ஊர்ல விஸ்கின்னா குவார்ட்டர். அதை ருசிக்கிறதுக்காக யாரும் வாங்குறதில்லை. மூக்கைச் சுளிச்சு, ஒரே மடக்கு, உடனே ஊறுகாய். எங்க பெரியப்பா அப்படித்தான் குடிச்சார். அரிசி மண்டியில கணக்கு எழுதினவர். கையெழுத்து முத்து முத்தா இருக்கும். 52 வயசுல ஈரல் போய் இறந்துட்டார். அதனால எங்க வீட்டுல பாட்டில்ங்கிறது தமாஷான விஷயம் கிடையாது.

இன்ஜினியரிங் முடிச்சு 2018ல பெங்களூருக்கு வேலைக்கு வந்தேன். ஒரு சனிக்கிழமை டீம் லீட் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். அடி அகலமா, வாய் குறுகலா ஒரு சின்ன கிளாஸ். அதுல 30 மில்லி. "குடிக்காதே, முதல்ல மோந்து பாரு"ன்னார். வெல்லப்பாகு வாசனை. கொஞ்சம் பொறுத்து, ஓரத்துல விறகடுப்புப் புகை. அம்மா வெந்நீர் போடுற அடுப்பு ஞாபகம் வந்துடுச்சு. அது அம்ருத் ஃப்யூஷன். நான் உட்கார்ந்திருந்த அதே ஊர்ல செஞ்சது. இந்திய பார்லியையும், ஸ்காட்லாந்திலிருந்து வர்ற புகையூட்டின பார்லியையும் சேர்த்துச் செய்யறாங்க. அந்தப் புகை 'பீட்'டோடது. சதுப்பு நிலத்துல பல ஆயிரம் வருஷமா மக்கிப்போன செடிகொடிகள்தான் பீட். அதை வெட்டிக் காயவெச்சு, எரிச்சு, அந்தப் புகையில முளைகட்டின பார்லியைக் காயவைப்பாங்க.

ஒரு உண்மையையும் சொல்லிடறேன். நம்ம ஊர்ல விஸ்கின்னு விக்கிற மலிவு ரகம் பெரும்பாலும் கரும்புச் சர்க்கரைக் கழிவுப்பாகுல காய்ச்சின சாராயத்துல கொஞ்சம் மால்ட் கலந்தது. ஐரோப்பிய ஒன்றியத்துல அதை விஸ்கின்னு லேபிள் ஒட்டி விக்க முடியாது. அங்கே சட்டப்படி விஸ்கி தானியத்துலதான் செஞ்சிருக்கணும். சிங்கிள் மால்ட்னா ஒரே ஆலையில, முளைகட்டின பார்லியில மட்டும் செஞ்சது. ஸ்காட்ச்னு பேர் போடணும்னா ஸ்காட்லாந்துலேயே ஓக் பீப்பாயில குறைஞ்சது 3 வருஷம் கிடக்கணும், பாட்டில்ல 40 சதவீதத்துக்குக் குறையாம ஆல்கஹால் இருக்கணும்.

தேவதைகளின் பங்கு

பீப்பாய் காத்துப் புகாத டப்பா கிடையாது. மரம் மூச்சு விடும். உள்ளே இருக்கிறது வருஷா வருஷம் கொஞ்சம் ஆவியாகும். இதுக்கு 'தேவதைகளின் பங்கு'ன்னு பேர். குளிரான ஸ்காட்லாந்துல வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம். பெங்களூர்ல 10 சதவீதத்துக்கு மேலே.

நம்ம புத்தி என்ன, உடனே கணக்குப் போடும். 200 லிட்டர் பீப்பாய், 12 வருஷம். 2 சதவீதம்னா மிஞ்சுறது 157 லிட்டர். 10 சதவீதம்னா வெறும் 56 லிட்டர். கூட்டு வட்டி தலைகீழா வேலை செய்யுது, அவ்வளவுதான். அதனாலதான் இந்திய சிங்கிள் மால்ட்கள்ல பெரும்பாலும் வயசே போட்டிருக்காது. ஆனா அதே வெக்கைதான் மரத்துக்குள்ளே இருக்கிறதைச் சீக்கிரமா இழுக்குது. வயசு குறைவா இருந்தா மட்டம்னு நினைக்கிறது குளிர் நாட்டு அளவுகோல். அம்ருத் 8 வருஷம் தாக்குப்பிடிச்ச ஒரு பீப்பாய் விஸ்கிக்கு 'கிரீடி ஏஞ்சல்ஸ்'னு பேர் வெச்சாங்க. பேராசைக்காரத் தேவதைகள். நியாயமான பேர்.

அம்ருத் 2004ல தன் சிங்கிள் மால்ட்டை அறிமுகப்படுத்தினது இந்தியாவுல இல்லை, கிளாஸ்கோவுல. திருநெல்வேலியில போய் அல்வாக் கடை திறக்கிற தைரியம் அது. 2010ல ஜிம் மர்ரே தன் விஸ்கி பைபிள் புத்தகத்துல ஃப்யூஷனை உலகத்துலேயே மூணாவது இடத்துல வெச்சார். தைவான்ல இருக்கிற கவலான் ஆலையும் இதே கதைதான். 2005ல ஆரம்பிச்சது. அதோட ஒரு விஸ்கி 2015ல உலகின் சிறந்த சிங்கிள் மால்ட்னு விருது வாங்குச்சு. அதுவும் வெக்கையான ஊர்தான்.

எப்படிச் சுவைக்கிறேன்

ரொம்ப எளிமை. 30 மில்லி ஊத்தி அஞ்சு நிமிஷம் சும்மா விடுவேன். வாயை லேசாத் திறந்து வெச்சுக்கிட்டு மோந்து பார்க்கணும், இல்லைன்னா ஆல்கஹால் மூக்கைச் சுடும். ஒரு சின்ன மிடறு, நாக்குல உருட்டணும். அப்புறம் ரெண்டு மூணு சொட்டுத் தண்ணி. ஒளிஞ்சுக்கிட்டிருந்த வாசனை சிலது அப்பத்தான் வெளியே வரும்.

வெளிநாட்டுக்காரங்க எழுதற குறிப்புகள்ல ஹெதர் பூ, மர்மலேட்னு வரும். ஹெதர் பூவை நான் பார்த்ததே இல்லை. நம்ம மூக்குக்கு நம்ம வார்த்தை போதும். ஐலா தீவுல செய்யற லாஃப்ராய்க்? சின்ன வயசுல முட்டியில தடவின டிங்சர், பக்கத்துல யாரோ கருவாடு சுடறாங்க. ஷெர்ரி பீப்பாயில இருந்ததுன்னா உலர்திராட்சை, பேரீச்சம்பழம். அமெரிக்க போர்பன் பீப்பாய்னா வனிலாவும் தேங்காயும். அமெரிக்கச் சட்டப்படி போர்பனுக்குப் புது ஓக் பீப்பாய்தான் வேணும். ஒரு தடவை உபயோகிச்சதை மறுபடி போர்பனுக்கு வெச்சுக்க முடியாது. அதனால அது கப்பலேறி உலகம் பூரா போகுது.

சேர்ப்பதும் ஏமாறுவதும்

2023 நவம்பர்ல லண்டன் ஏலத்துல ஒரு மெக்காலன் 1926 பாட்டில் 20 லட்சம் பவுண்டுக்கு மேலே போச்சு. இப்படிப் பணம் புழங்குற இடத்துல போலி வராம இருக்குமா? 2017ல சுவிட்சர்லாந்து ஹோட்டல் ஒண்ணுல சீன எழுத்தாளர் ஒருத்தர் 1878ஆம் வருஷத்து மெக்காலன்னு ஒரு சின்ன அளவு வாங்கினார். விலை 9,999 சுவிஸ் ஃபிராங்க். அப்புறம் பாட்டில் மேலே சந்தேகம் வந்து, ஹோட்டலே மாதிரியை ஆய்வுக்கு அனுப்புச்சு.

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். 1950, 60கள்ல நடந்த அணுகுண்டுச் சோதனைகளால காத்துல கார்பன்-14 கூடிப்போச்சு. அந்தக் காத்தை உறிஞ்சி வளர்ந்த பார்லியிலயும் அந்தத் தடம் இருக்கும். லேபிள்ல என்ன வேணா அச்சடிக்கலாம், கார்பன்ல அச்சடிக்க முடியாது. ஆய்வு முடிவு: 1970ல இருந்து 72க்குள்ளே செஞ்சது, அதுவும் சிங்கிள் மால்ட்டே இல்லை, கலப்பு விஸ்கி. ஹோட்டல்காரர் அவரைத் தேடிப்போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

நான் அந்த ரேஞ்ச் இல்லை. என்னோடது வெளிநாடு போற டீம்மேட் ஏர்போர்ட்ல வாங்கிட்டு வர்ற பாட்டில். ஆளுக்கு 2 லிட்டர்தான் கணக்கு. வீட்டுல எவ்வளவு வெச்சிருக்கலாம்ங்கிற வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பார்த்துக்கோங்க. நான் செஞ்ச ஒரு தப்பு: ஒயின் மாதிரி ஒரு பாட்டிலைப் படுக்க வெச்சிருந்தேன். ஆல்கஹால் கார்க்கை அரிச்சு, திறக்கும்போது தூள் தூளா உள்ளே விழுந்துடுச்சு. விஸ்கியை நிக்க வைக்கணும், வெயில் படாம. பாட்டிலுக்குள்ளே அதுக்கு வயசு ஏறாது. 12 வருஷ விஸ்கியை 20 வருஷம் வெச்சிருந்தாலும் அது 12 வருஷ விஸ்கிதான்.

ஷீட்

இப்போ நிஜமா சொல்ல வந்த விஷயம்.

2020 ஆரம்பத்துல அம்மா பெங்களூர் வந்தாங்க. அலமாரியைப் பார்த்துட்டுச் சொன்னாங்க: "உங்க பெரியப்பா ஒரு நாளைக்கு ஒரு பாட்டில்தான்டா வாங்குவாரு. நீ கடையே வெச்சிருக்கியே." நான் அரை மணி நேரம் பாடம் எடுத்தேன். இது குடி இல்லைம்மா, ருசி. போதைக்காக இல்லை. பாரு, ஒவ்வொண்ணுக்கும் குறிப்பு எழுதி வெச்சிருக்கேன். லேப்டாப்பைத் திறந்து எக்செல் ஷீட்டைக் காட்டினேன். தேதி, பாட்டில், எத்தனை மில்லி, வாசனை, ருசி, யாரோட, பத்துக்கு எத்தனை மார்க். அம்மா பார்த்தாங்க, ஒண்ணும் சொல்லலை.

அடுத்த வருஷம் ஜூலையில அந்த ஷீட்டுல ஒரு கிராஃப் போட உட்கார்ந்தேன். நண்பர்கள்கிட்டப் பந்தா காட்டத்தான். முதல் 60 வரிசைக்கு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. எல்லாத்துலயும் குறிப்பு இருக்கு. அப்புறம் லாக்டவுன், தனி ரூம், வீட்டிலிருந்தே வேலை. 2021 மே, ஜூன் ரெண்டே மாசத்துல 43 வரிசை. 30 மில்லி 60 ஆயிருந்தது, 60 சில நாள் 90. வாசனை காலி. ருசி: "நல்லாருக்கு". மார்க் எல்லாத்துக்கும் 7. 'யாரோட'ங்கிற காலம் முழுக்க வெள்ளை.

யாராவது சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். ஆபீஸுக்கு லேட்டா போனதில்லை, தள்ளாடினதில்லை, விலை உயர்ந்த சரக்கு, அழகான கிளாஸ். ஆனா அது என் டேட்டா. நானே என்ட்ரி போட்டது. பக் இருந்த இடம் பளிச்னு தெரிஞ்சுது. கிளாஸ் எதுவா இருந்தாலும் ஈரலுக்குப் போறது ஒரே ஆல்கஹால்தான்.

அன்னைக்கு நிறுத்தினேன். மூணு மாசம். முதல் ரெண்டு வாரம் ராத்திரி ஒன்பது மணிக்குக் கை அலமாரிப் பக்கம் போச்சு. அது எனக்குப் பயமா இருந்துச்சு. அப்புறம் திரும்ப ஆரம்பிச்சப்போ மூணு விதி: தனியா திறக்கறதில்லை. மாசத்துக்கு ரெண்டு தடவைக்கு மேல இல்லை. குறிப்பு எழுத முடியலைன்னா ஊத்தறதில்லை. இதுவரைக்கும் விதி நிக்குது. எனக்கு நிறுத்த முடிஞ்சது. அதனால எல்லாருக்கும் முடியும்னு சொல்ல மாட்டேன். முடியலைன்னா அது வியாதி, வெட்கப்பட ஒண்ணுமில்லை. சென்னையில டி.டி.கே. மருத்துவமனை 1980லிருந்து இதுக்காகவே இருக்கு. பெங்களூர்ல நிம்ஹான்ஸ் இருக்கு. தினமும் அதிகமாக் குடிக்கிறவங்க திடீர்னு தனியா நிறுத்தறதும் ஆபத்து, டாக்டரைப் பார்த்துட்டு நிறுத்துங்க.

இதைப் பொதுவுல பேசறதுக்கு முன்னாடி அம்மாகிட்டச் சொல்லணும்னு தோணுச்சு. நேத்து போன் பண்ணி ஷீட் விஷயம் முழுக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "உங்க பெரியப்பா ஊர்க் கணக்கெல்லாம் எழுதினாருடா. இதை மட்டும் எழுதலை"ன்னாங்க.

உங்க அலமாரியிலயும் பாட்டில் இருந்தா, இன்னைக்கே ஒரு ஷீட் திறங்க. விஸ்கியோ, பீரோ, எதுவா இருந்தாலும் சரி. ரெண்டு மாசம் பொய் சொல்லாம நிரப்புங்க. 'யாரோட'ங்கிற காலத்தை மட்டும் விட்டுடாதீங்க.

அடுத்த வாரம் மறுபடி வழக்கமான பாதைக்கு வர்றோம்: லாக் ஃபைல்களை எப்படிப் படிக்கிறது.