அபேட்சகரைப் பொறுக்குவது யார்?

(தென்காசியில் நடந்த சுயமரியாதைப் பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சுருக்கம்)



தேர்தல் வந்தால் யாருக்கு ஓட்டுப் போடுவது என்று கேட்கிறோம். ஆனால் நிற்கிற ஆளைப் பொறுக்கியது யார் என்று கேட்பதே இல்லை. அதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறேன். நான் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் யோசித்து, சரி என்று பட்டால் கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

அமெரிக்க தேசத்தில் பெரிய தேர்தலுக்கு முன்னால், கட்சியின் அபேட்சகர் யார் என்பதைக் கட்சியைச் சேர்ந்த ஓட்டர்களே மாகாணந்தோறும் தீர்மானிக்கிறார்கள். கேட்பதற்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதில் மதம் புகுந்தால் என்ன ஆகிறது பாருங்கள்.

நெவாடா என்று ஒரு மாகாணம். ஜனத்தொகை 2010-ல் சுமார் 27 லட்சம். அங்கே மார்மன் மதத்தார் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஆனால் 2012-ல் ரிபப்ளிக்கன் கட்சி அபேட்சகரைப் பொறுக்க வந்து ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 33 ஆயிரம் பேர்தான். அதில் ஏறக்குறைய நாலில் ஒருவர் மார்மன்! அவர்களிலும் பத்துக்கு ஒன்பது பேர் தங்கள் மதத்தாரான மிட் ராம்னிக்கே போட்டார்கள். மற்றவர்கள் வீட்டில் இருந்தார்கள். கட்டுப்பாடு உள்ளவர்கள் வந்தார்கள். சிறு கூட்டம் பெருங்கூட்டமாகிவிட்டது.

இதே ராம்னி 2008-ல் ஐயோவா மாகாணத்தில் தோற்றார். அங்கே வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வேறு வகைக் கிறிஸ்தவர்கள். மார்மன் கிறிஸ்தவனே அல்ல என்பது அவர்களில் பலருடைய எண்ணம். முன்னாள் பாதிரியார் ஒருவர் ஜெயித்தார். ஓரிடத்தில் மதத்துக்காகப் போட்டார்கள். இன்னோரிடத்தில் மதத்துக்காகத் தள்ளினார்கள். நோய் ஒன்றுதான்.

அந்த மதம் 1830-ல் ஏற்பட்டது. தேவதை வந்து தங்கத் தகடுகளைக் காட்டியதாம்! கேட்டுச் சிரிக்கிறீர்கள். பக்கத்தில் குற்றாலத்தில் அகத்தியர் விஷ்ணுவின் தலையில் கைவைத்து அழுத்தி லிங்கமாக்கினார் என்றால் மட்டும் ஏன் கன்னத்தில் போட்டுக்கொள்கிறீர்கள்? மார்மன் மதத்தில் 1978 வரை கறுப்பு மனிதருக்குக் குருப்பட்டம் கிடையாது. அப்புறம் கடவுள் புது உத்தரவு போட்டாராம். மனிதனுக்குப் புத்தி வந்த பிறகுதான் கடவுளுக்கும் வருகிறது!

நிற்க. நம் யோக்கியதை என்ன? அங்கே 33 ஆயிரம் பேராவது பொறுக்குகிறார்கள். இங்கே ஓர் அறைக்குள் நாலைந்து பேர் உட்கார்ந்து, இந்தத் தொகுதியில் இந்த ஜாதி இத்தனை என்று கணக்குப் போட்டு ஆளை அறிவிக்கிறார்கள். கட்சிக்காக சுவரில் பசை தடவுகிறவனுக்கு அங்கே ஒரு ஓட்டு உண்டா?

“அப்படியானால் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் மட்டும் எதற்கு?” என்று சிலர் கேட்பார்கள். மேலே ஏறி உட்கார்ந்தவன் இறங்காமலிருக்க ஜாதிக்கு ஓட்டுப் போடுவது ஒன்று. மிதிபடுகிறவன் எழுந்து நிற்கத் தன் ஆளைத் தானே அனுப்புவது வேறொன்று. இரண்டும் ஒன்றென்பது பித்தலாட்டம்.

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு பாடம் உண்டு. 1932 ஆகஸ்டில் தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தனித்தொகுதி ஓட்டு கிடைத்தது. காந்தியார் ஜெயிலில் பட்டினி கிடந்தார். செப்டம்பர் 24-ல் பூனா ஒப்பந்தம் ஆயிற்று. அதன்படி ஒதுக்கிய ஸ்தானங்கள் 148. சென்னை மாகாணத்துக்கு 30. தாழ்த்தப்பட்ட ஓட்டர்கள் மட்டும் முதலில் ஓட்டுப் போட்டு நாலு பேரைப் பொறுக்குவது. பிறகு அந்த நால்வரில் ஒருவரை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பது. இதுவும் அமெரிக்க ஏற்பாட்டைப் போன்ற முன்தேர்தல்தான். ஆனால் கடைசி வார்த்தை மற்றவர்களிடமே இருந்தது. சேரியில் முதலாவதாக வந்தவர் பொது ஓட்டில் தோற்கிறார் என்று டாக்டர் அம்பேத்கார் எடுத்துக்காட்டினார். 1950-ல் வந்த அரசியல் சட்டத்தில் அந்த முன்தேர்தலும் இல்லை.

நம் தென்காசி பார்லிமெண்டுத் தொகுதி தனித்தொகுதி. அதன் ஆறு சட்டசபைத் தொகுதிகளில் சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர், ஸ்ரீவில்லிபுத்தூர் மூன்றும் தனித்தொகுதிகளே. ஆயினும் 2022-ல் சங்கரன்கோவில் பக்கம் பாஞ்சாகுளத்தில் என்ன நடந்தது? சேரிப் பிள்ளைகள் மிட்டாய் வாங்கப் போனார்கள். ஊர்க்கட்டுப்பாடு, தரமாட்டோம் என்று கடைக்காரர் சொல்லித் திருப்பி அனுப்பினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள்! அந்த ஊர்க்கட்டுப்பாட்டை எதிர்த்துத் தேர்தல் மேடையில் பேச ஒரு தனித்தொகுதி அபேட்சகருக்கு எத்தனை தைரியம் வேண்டும்! கட்டுப்பாடு போட்டவன் ஓட்டும் அவருக்குத் தேவை. அவன் கோபித்தால் கட்சி மறுமுறை நிறுத்தாது. ஆளின் மேல் மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை; பொறுக்கும் முறையே அவர் வாயைக் கட்டுகிறது.

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? நீங்கள் எந்தக் கட்சியில் இருந்தாலும், அபேட்சகரைக் கிளை அங்கத்தினர்கள், பெண்கள் உள்பட, ரகசிய ஓட்டால் பொறுக்க வேண்டும் என்று கேளுங்கள். தனித்தொகுதியில் முதல் வார்த்தை தாழ்த்தப்பட்ட தோழர்களுடையதாக இருக்கட்டும். அப்படி ஓட்டு வந்தால் ஒருவரும் வீட்டில் இருக்காதீர்கள், நெவாடாவை நினைத்துக்கொள்ளுங்கள். நிற்கிறவரிடம், “நீ என்ன ஜாதி?” என்று கேட்காதீர்கள். “பாஞ்சாகுளத்துப் பிள்ளைகளுக்காக இதே மேடையில் பேசுவாயா? ஜாதி விட்டுக் கலியாணம் செய்கிறவர்களுக்குக் காவல் நிற்பாயா?” என்று கேளுங்கள். பதில் சொல்லாதவன் நம் ஜாதியானாலும் நமக்கு வேண்டாம்.

இதை யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்கிறேன்.