கத்தி பிடித்த யந்திரம்: பிழைக்குப் பொறுப்பாளி யார்?

(தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



ஆலையில் யந்திரத்தில் சிக்கி விரல் போனால் மேஸ்திரி என்ன சொல்வார்? "உன் கவனக்குறைவு" என்பார். காப்பு மூடி இருந்ததா, ஆளுக்குப் பழக்கம் கொடுத்தார்களா என்று கேட்கமாட்டார். முதலாளியின் தவறை ருசுப்படுத்தாமலே நஷ்டஈடு கேட்க 1923-ம் வருஷச் சட்டம்தான் வழி திறந்தது.

இன்று ஆபரேஷன் அறைக்கும் யந்திரம் வந்துவிட்டது. 'டாவின்சி' என்ற யந்திரத்திற்கு அமெரிக்க அரசு 2000-ல் அனுமதி தந்தது. அது தானாக அறுப்பதில்லை. டாக்டர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து, பெரிதாகத் தெரியும் படத்தைப் பார்த்துப் பிடிகளை அசைக்கிறார். நோயாளியின் உடலுக்குள் யந்திரக் கைகள் அசைகின்றன. பிழை நேர்ந்தால் யார் பொறுப்பு?

அமெரிக்காவின் வாஷிங்டன் ராஜ்யத்தில் இதே கேள்வி கோர்ட்டுக்கு வந்தது. 2008-ல் அங்கே ஒருவருக்குப் பிராஸ்டேட் புற்றுநோய்க்காக இந்த யந்திரத்தால் ஆபரேஷன் நடந்தது. மேற்பார்வை இல்லாமல் அந்த டாக்டர் இந்த யந்திரத்தைக் கையாண்டது அதுவே முதல் தடவை. மலக்குடல் கிழிந்தது. நோயாளி பல தொல்லைகளை அனுபவித்து 2012-ல் இறந்தார். அவர் மனைவி வழக்கை விடவில்லை. டாக்டருக்கு எச்சரிக்கை தந்துவிட்டோம், அதோடு எங்கள் கடமை தீர்ந்தது என்று கம்பெனி வாதாடியது. 2013-ல் ஜூரிகளும் கம்பெனி பக்கமே நின்றார்கள்.

ஆனால் 2017-ல் அந்த ராஜ்யத்தின் சுப்ரீம் கோர்ட் இதை ரத்து செய்து, மறு விசாரணைக்கு அனுப்பியது. யந்திரத்தை வாங்கியது ஆஸ்பத்திரி. எந்த டாக்டர் அதைக் கையாளலாம் என்று தீர்மானிப்பதும் ஆஸ்பத்திரி. ஆகவே ஆபத்தை ஆஸ்பத்திரிக்கும் சொல்லவேண்டியது கம்பெனியின் கடமை என்றது.

இதில் நமக்குப் பாடம் உண்டு. கை தவறினால் டாக்டர், பழகாத கையை அனுமதித்தால் ஆஸ்பத்திரி, ஆபத்தைச் சொல்லாமல் விற்றால் கம்பெனி பொறுப்பு. ஒருவரை ஒருவர் காட்டித் தப்ப விடக்கூடாது.

இந்த யந்திரங்கள் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் வந்துவிட்டன. 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பண்டத்தால் வரும் தீங்குக்குச் செய்தவர், விற்றவர் இருவரையும் கேள்வி கேட்க இடம் தருகிறது. ஆனால் எல்லோருக்கும் இலவசமாக வைத்தியம் செய்யும் ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்தில் சேராது என்று 1995-லேயே நம் சுப்ரீம் கோர்ட் கூறிவிட்டது. அங்கே போகும் ஏழைக்கு மிஞ்சுவது சிவில் கோர்ட்டுதான். வக்கீலுக்கும் வாய்தாவுக்கும் கூலிக்காரன் எங்கே போவான்? இந்தக் குறையை நீக்கும்படி நாம் கோரவேண்டும்.

தோழர்களே, யந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது உயிரைக் காக்கட்டும். ஆனால் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: இந்த டாக்டர் இந்த யந்திரத்தில் எத்தனை ஆபரேஷன் செய்திருக்கிறார்? பிறகு சிகிச்சைக் காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள். கேட்ட 72 மணி நேரத்திற்குள் கொடுக்கவேண்டும் என்பது 2002-ம் வருஷ மருத்துவக் கவுன்சில் விதி. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சங்கத்துத் தோழர் ஒருவர் துணைக்குப் போகட்டும். காகிதம் கையில் இருந்தால்தான் வழக்கு நிற்கும்.